மகள் ஃபிலாசஃபி படிக்கட்டும், வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர். மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 86,000 டாலர் செலவு. அதில் 52,000 டாலரைக் கல்லூரியே தருகிறது, மீதி 34,000 நாங்கள் கட்ட வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பாள் என்று நம்பித்தான் தலையாட்டினேன். இப்போது ஃபிலாசஃபிதான் படிப்பேன் என்கிறாள். "அது சாமியார் படிப்பு, சோறு போடாது" என்கிறார் என் அண்ணன். மனைவி பிள்ளை பக்கம். பி.எஃப்., நகை, சேமிப்பு போக, வீட்டை வைத்து 60 லட்சம் லோன் எடுப்பதாக இருக்கிறேன். அடுத்தவன் பத்தாம் வகுப்பு. மகளைத் தடுக்கவா, விடவா? கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால்தான் பணம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா?

பதில்:

வணக்கம் சார்.

உங்கள் கவலை முழுக்க ஃபிலாசஃபியைச் சுற்றியே ஓடுகிறது. வீட்டை அடமானம் வைப்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒரு சின்னக் கல்லூரியில் ஃபிலாசஃபி சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது இங்கே வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பவன் நான். எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. பாடத்தைப் பற்றிய பயத்தை முதலில் பேசிவிட்டு அங்கே வருகிறேன்.

நம் ஊரில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தால் முதல் நாளிலிருந்து கணிதம்தான். அங்கே அப்படி ஒரு பாடத்தில் "சேருவது" கிடையாது. கல்லூரியில்தான் சேர்கிறார்கள். எந்தப் பாடத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்கப் போகிறோம் என்பதைப் பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சொன்னால் போதும். நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 32 கோர்ஸ் முடிக்க வேண்டும். அதில் ஃபிலாசஃபி மேஜருக்கு வேண்டியது பத்துச் சொச்சம். மீதி இருபதுக்கு மேல் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ், பொருளாதாரம், உயிரியல், ஒரு மொழி என்று வேறு எதுவாகவும் இருக்கலாம், இருந்தாக வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துவார்கள். ஆகவே "ஃபிலாசஃபி மட்டும் படித்துவிட்டு வருவாள்" என்ற படம் உங்கள் மனதில் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. அனாபொலிஸ், சாண்டா ஃபே இரண்டு ஊர்களில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் மேஜரே இல்லை. 1937 முதல் எல்லா மாணவர்களும் கிரேக்கக் கவிஞர் ஹோமரிலிருந்து ஒரே நூல்வரிசையைத்தான் படிக்கிறார்கள். உங்கள் மகளுடையது அந்த வகை இல்லை.

அண்ணன் சொல்லும் சாமியார் விஷயத்துக்கு வருவோம். அந்த வகுப்பில் என்னதான் நடக்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன்.

முதலாண்டு அறவியல் வகுப்பில் பெரும்பாலும் பீட்டர் சிங்கர் என்ற தத்துவவாதி 1972-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இருக்கும். 1971-இல் கிழக்கு வங்கத்து அகதிகள் பட்டினியில் சாகிறார்கள், பணக்கார நாடுகள் கண்டும் காணாமல் இருக்கின்றன. அந்த நேரத்தில் எழுதியது. அவர் வாதம் எளிமையானது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உடுப்பில் சேறு ஆகும், அவ்வளவுதான். இறங்காமல் போவீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் சின்ன இழப்பில் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும்போது காப்பாற்றியாக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். குழந்தை பத்தடி தூரத்தில் இருந்தாலும் பத்தாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் உயிர் உயிர்தானே? அப்படியானால் உங்கள் கையில் தேவைக்கு மேல் இருக்கும் பணத்தை ஏன் அனுப்பவில்லை?

பன்னிரண்டு பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் கொதிப்பார்கள். "இது ரொம்ப அதிகம்", "எல்லாரும் இப்படிச் செய்ய முடியுமா?" என்பார்கள். ஆசிரியர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பார்: முடிவு பிடிக்கவில்லை, சரி, எந்தப் படியை மறுக்கிறாய்? தூரம் முக்கியம் என்கிறாயா? அப்படியானால் ஏன் முக்கியம் என்று காட்டு. காப்பாற்றக்கூடியவர்கள் பலர் இருக்கும்போது என் கடமை குறைகிறது என்கிறாயா? குளத்தைச் சுற்றி இருபது பேர் சும்மா நின்றால் நீயும் சும்மா நிற்கலாமா? அரை மணி நேரத்தில், கத்தியவர்களில் பாதிப் பேர் தாங்கள் எதை நம்பினோம் என்பதே தெரியாமல் பேசியதை உணர்ந்திருப்பார்கள். தேற்றத்தின் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக நிரூபணத்தை நிராகரிக்க முடியாது என்பது உங்கள் வகுப்பிலும் தினம் நடப்பதுதானே சார். "மழை பெய்தால் மைதானம் நனையும், மைதானம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது" என்று எழுதுகிற பிள்ளைக்கு, மறுதலை தானாக உண்மையாகிவிடாது என்று நீங்கள் சுழித்துக் காட்டுவீர்கள். அங்கே குறியீட்டுத் தர்க்கம் என்று ஒரு கோர்ஸே உண்டு, மேஜருக்குப் பல இடங்களில் கட்டாயம். அவளுடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் முதல் அத்தியாயத்திலேயே உங்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

வகுப்பைவிடக் கட்டுரைகள்தான் அந்தப் படிப்பின் உயிர். ஐந்து பக்கத்துக்கு மேல் போகாத கட்டுரை. மேற்கோள் அலங்காரம் எதற்கும் மதிப்பெண் கிடையாது. திரும்பி வரும்போது ஓரத்தில் இப்படி இருக்கும்: "இங்கே 'ஆகவே' என்கிறாய். எதனால்?" "இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் உன் வாதம் எங்காவது இடிகிறதா? இல்லையென்றால் ஏன் வைத்தாய்?" "உன் எதிராளிக்கு இதைவிட நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மறு." வில்லியம்ஸ் கல்லூரியில் டுடோரியல் என்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இரண்டே மாணவர்கள், ஓர் ஆசிரியர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும், மற்றவர் அதைப் பிரித்து மேய வேண்டும். அடுத்த வாரம் மாற்றி. ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்ச் கிடையாது. அறுபது பேர் வகுப்பில் நோட்ஸ் எடுத்து மதிப்பெண் வாங்கிய நம் பிள்ளைகளில் பலர் முதல் செமஸ்டரில் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முதல் கட்டுரையில் சி கிரேடு வாங்கிவிட்டு இரவில் அம்மாவுக்குப் போன் போட்டு அழுவது சகஜம். மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுத் தத்துவ மரபுகளான நியாயம், சாங்கியம், பௌத்த தர்க்கம் இதையெல்லாம் அங்கே ஆழமாகப் படிக்கலாம் என்று அவள் நினைத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சலாம். பெரும்பாலான துறைகளில் கிரேக்கம், டெகார்ட்டிலிருந்து கான்ட் வரை, பிறகு இருபதாம் நூற்றாண்டு ஆங்கில உலகம். ஆசியாவுக்கு ஒரு கோர்ஸ் இருந்தால் அதிகம். 2016-இல் ஜே கார்ஃபீல்ட், பிரயன் வான் நார்டன் என்ற இரு பேராசிரியர்கள் நியூயார்க் டைம்ஸில் இதைக் கிண்டலாகவே எழுதினார்கள்: மேற்கைத் தவிர வேறெதையும் சொல்லித்தரப் போவதில்லை என்றால் துறையின் பெயரை "ஐரோப்பிய அமெரிக்க ஃபிலாசஃபி" என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்று. கார்ஃபீல்ட் ஸ்மித் கல்லூரியில் பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரைக் கற்பித்தவர். அப்படிப்பட்டவர்கள் அங்கொருவர் இங்கொருவர்தான். இன்னொன்று, சின்னக் கல்லூரியில் ஃபிலாசஃபிக்கு நிரந்தர ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் பெரிது. கேட்டலாக்கில் இருபத்தைந்து கோர்ஸ் அச்சிட்டிருப்பார்கள். பாதி ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கும், இரண்டு பேர் ஆய்வு விடுப்பில் போனால் அதுவும் இல்லை. கேட்டலாக்கைப் பார்க்காமல், கடந்த நான்கு செமஸ்டரில் உண்மையில் நடந்த கோர்ஸ் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, சோறு?

ஃபிலாசஃபி படித்துக் கோடீஸ்வரரானவர்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். பீட்டர் தீல், கார்ல் ஐகான் எல்லாம் அதில் இருப்பார்கள். படித்தது உண்மைதான். ஆனால் ஸ்டான்ஃபோர்டிலும் பிரின்ஸ்டனிலும் அவர்களோடு அதே வகுப்பில் உட்கார்ந்த மற்றவர்களின் பட்டியலை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. அதைத் தள்ளிவையுங்கள். அந்த மேஜரோடு வெளியே வருகிறவர்கள் சட்டம், கன்சல்டிங், சாஃப்ட்வேர் நிறுவனங்களில் எழுத்து மற்றும் திட்ட வேலைகள், பதிப்பகம், அரசு, ஆசிரியப் பணி என்று சிதறிப் போகிறார்கள். அமெரிக்கப் பிள்ளைக்கு அது போதும், நேரம் எடுத்துத் தேடிக்கொள்ளலாம். உங்கள் மகள் எஃப்-1 என்ற மாணவ விசாவில் இருப்பாள், அவளுக்குக் கடிகாரம் ஓடும்.

இதைப் பலர் கவனிப்பதில்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். இப்போதுள்ள விதிப்படி, பட்டம் முடித்த மாணவர் தன் படிப்போடு தொடர்புள்ள வேலையில் 12 மாதம் இருக்கலாம். அதற்கு ஓபிடி என்று பெயர். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள பாடமாக இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஃபிலாசஃபி அந்தப் பட்டியலில் இல்லை. கணிதம், புள்ளியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கின்றன. பொருளாதாரம் அந்தந்தக் கல்லூரி அதை எந்தக் குறியீட்டு எண்ணில் பதிவு செய்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரட்டை மேஜர் எடுத்தவர், ஸ்டெம் மேஜருக்குப் பொருத்தமான வேலை கிடைத்தால் அந்த நீட்டிப்பைக் கேட்கலாம். பன்னிரண்டு மாதத்தில் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் முதலாளியைப் பிடிப்பதற்கும் முப்பத்தாறு மாதத்தில் பிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விசா விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன, நான்கு வருடம் கழித்து இதே நிலை இருக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. இருந்தாலும் என் யோசனை ஃபிலாசஃபியோடு கணிதம். விசாவுக்காக ஒட்டவைத்த பாடமாக இது இருக்காது. தர்க்கவியலாளர்கள் ஃப்ரெகே, ரஸ்ஸல் காலத்திலிருந்து இரண்டுக்கும் நடுவே சுவரே கிடையாது, தர்க்கத்தில் மேலே போகிற பிள்ளை எப்படியும் கணிதத் துறைக் கதவைத் தட்டத்தான் வேண்டும். கணித வாத்தியார் பெண்ணுக்கு இது கசக்காது என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பினால் வழி இல்லாமல் இல்லை. எந்தப் பட்டமும் மூன்று வருட எல்.எல்.பி.க்குப் போதும், வெளிநாட்டுப் பட்டம் என்பதால் சமநிலைச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் ஃபிலாசஃபி ஒரு விருப்பப் பாடம், பாடத்திட்டம் மற்றவற்றை விடக் குறுகியது என்பதால் அந்தப் பாடத்தைப் படிக்காதவர்களே அதை எடுக்கிறார்கள். 2013 முதல் அறவியலுக்கென்று ஒரு பொதுத்தாளும் இருக்கிறது. பேராசிரியராகும் கனவு இருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அங்கே பிஎச்.டி.க்கு நல்ல பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் தரும். ஆறேழு வருடம் போகும். முடித்த பிறகு ஒரு நிரந்தர இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும்.

இனி அந்த ஒரு வரி.

34,000 டாலர் வீதம் நான்கு வருடம் 1,36,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 1 கோடியே 15 லட்சம் தாண்டுகிறது. இதில் விமான டிக்கெட் இல்லை. கோடை விடுமுறையில் விடுதியை மூடினால் தங்குமிடச் செலவு இல்லை. ரூபாய் சரிந்தால் என்ன என்பது இல்லை. 60 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று போட்டுப் பாருங்கள், மாதம் 82,000 ரூபாய்க்கு மேல் வரும். ஆண்டுக்கு 15 லட்சமாக எடுத்து, படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் ஏறும் வட்டியை அசலோடு சேர்த்தால் தவணை 1,14,000 பக்கம் போகும். அந்த நேரத்தில் நீங்கள் ஓய்வு பெற்றிருப்பீர்களா, இளையவன் எந்தக் கல்லூரியில் இருப்பான் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் இந்தக் கடன் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். அதைத்தான் நான் மறுக்கிறேன். 22 வயதுப் பெண் கல்லூரியை விட்டு வெளியே வரும்போது, விசா கிடைக்குமா என்று தெரியாத நாட்டில், வீடு போகுமோ என்ற பயத்தோடு முதல் வேலையைத் தேடக் கூடாது. எந்தப் பாடம் படித்திருந்தாலும் சரி. ஃபிலாசஃபி மேஜர் அந்தக் கடனோடு மோசம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர் அந்தக் கடனோடு கொஞ்சம் குறைந்த மோசம். கடன் இல்லையென்றால் ஃபிலாசஃபி நல்ல படிப்பு.

நிபந்தனை போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போவாள், இரண்டாம் ஆண்டு முடிவில் மேஜர் படிவத்தில் என்ன எழுதினாள் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் 1974-இல் வந்த சட்டப்படி, கல்லூரிக்குள் நுழைந்த மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்கே. அவள் அனுமதி தராமல் மதிப்பெண் பட்டியலைக்கூட உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். பணம் கட்டுகிற அப்பா என்று நீங்கள் மின்னஞ்சல் அனுப்பினால் மரியாதையாக மறுத்துப் பதில் வரும். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படிப் பதில் எழுதும் வேலை சில சமயம் எனக்கே வந்திருக்கிறது.

ஆகவே பேச்சை வேறு இடத்தில் தொடங்குங்கள். "நீ என்ன வேண்டுமானாலும் படி. வீட்டை வைக்க மாட்டேன். நம்மால் முடிந்தது இவ்வளவு," என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். பி.எஃப்.பில் கை வைக்காமல், இளையவனுக்கு வேண்டியதை ஒதுக்கிய பிறகு வரும் தொகையாக அது இருக்கட்டும். கல்லூரி அந்த இடைவெளியை நிரப்புமா என்று பார்ப்பதே அடுத்த வேலை.

நிரப்ப வாய்ப்பு உண்டா? சில கல்லூரிகளில் நிறையவே உண்டு. ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்றவை வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவை முழுவதையும் தாங்களே ஈடுகட்டுகின்றன. பெரும்பாலானவை அப்படி இல்லை. வெளிநாட்டவர் எவ்வளவு கட்டுவார் என்பதையும் பார்த்துத்தான் இடம் தருகின்றன. அமெரிக்க அரசின் உதவித்தொகையும் மாணவர் கடனும் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. மாணவ விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்; கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. ஆனாலும் 52,000 கொடுக்க முன்வந்த கல்லூரி அவளை விரும்புகிறது என்றுதான் அர்த்தம். மறுபரிசீலனை கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை, அதற்கென்றே நிதி உதவி அலுவலகம் இருக்கிறது. அதே கடிதத்தில், கட்டணம் ஆண்டுதோறும் ஏறும்போது 52,000-மும் சேர்ந்து ஏறுமா, அதற்குக் குறைந்தபட்ச கிரேடு நிபந்தனை உண்டா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறாது என்றால் நான்காம் ஆண்டில் நீங்கள் கட்டுவது 34,000 ஆக இருக்காது.

மறுத்துவிட்டால்? இங்கேயே படிக்கலாம். சோனிபட்டில் அசோகா, சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் க்ரியா இரண்டுமே இதே முறையில் நடப்பவை. மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ரூபாயில் கட்டலாம், வசதியைப் பார்த்துச் சலுகையும் தருகிறார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ஃபிலாசஃபி துறை பழைய துறை. ராதாகிருஷ்ணன் படித்தது அந்தக் கல்லூரியில்தான், அது அப்போது சென்னை நகருக்குள் இருந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த ஃபிலாசஃபி புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால்தான் அவர் அந்தப் பாடத்தையே எடுத்தார் என்பார்கள். இங்கே பட்டம் முடித்துவிட்டு, உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு அங்கே போவது நன்றாகத் தேய்ந்த பாதை.

அல்லது ஒரு வருடம் பொறுத்து, முழுத் தேவையையும் ஈடுகட்டும் கல்லூரிகளுக்கு மட்டும் மறுபடி விண்ணப்பிக்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இடைப்பட்ட அந்த வருடத்தில் இங்கே ஏதாவது கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அங்கே அவளை இடம் மாறி வரும் மாணவியாகக் கணக்கில் எடுக்கக்கூடும். அவர்களுக்கான நிதி உதவி பெரும்பாலும் இன்னும் சுருக்கம். பொறுப்பதானால் எங்கும் சேராமல் பொறுக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வழக்கமாக மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். மறுபரிசீலனைக் கடிதம் அதற்கு மூன்று வாரமாவது முன்னால் போகட்டும். அவளே எழுதட்டும்: ஒரு பக்கம், கெஞ்சல் இல்லாமல், எவ்வளவு முடியும், எவ்வளவு குறைகிறது, ஏன் அந்தக் கல்லூரி. வேறு கல்லூரி அதிகம் தர முன்வந்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் இணைக்கலாம். உங்கள் சம்பளச் சான்று, வருமான வரிப் படிவம், இளையவனின் படிப்புச் செலவு, பெற்றோர் உங்களோடு இருந்தால் அவர்கள் மருத்துவச் செலவு, இவற்றின் கணக்கை மட்டும் நீங்கள் டாலரிலும் ரூபாயிலும் போட்டுக் கொடுங்கள்.